காக்கைக்கு வைத்த சோறு

புக்கிட் பாத்தோக் என்னும் பெயருக்குப் பொருள் கூறுவோர் பலவாறு கூறுவர். 'புக்கிட்' என்பது மலாய் மொழியில் குன்று. 'பாத்தோக்' என்பது யாது? சாவக மொழியில் தேங்காய்ச் சிரட்டையைக் குறிக்கும் சொல் அது என்பர் ஒரு சாரார். மலாய் மொழியில் இருமலைக் குறிக்கும் 'பாத்துக்' என்னும் சொல்லே அவ்வாறு திரிந்தது என்பர் மற்றொரு சாரார். குன்றின் குளிர்காற்று மக்களை இருமச் செய்தது என்று சிலரும், கருங்கல்லைப் பிளக்க வைத்த வெடியின் ஓசை குன்றே இருமுவது போல் கேட்டது என்று சிலரும் அதற்குக் காரணம் காட்டுவர். எது மெய்யாயினும், இருமும் குன்று என்னும் அந்தப் பெயர் கேட்பவர் நெஞ்சில் தங்கிவிடுகிறது.

இன்று அக்குன்றில் வெடியோசை இல்லை. கல் எடுத்த பள்ளங்களில் நீர் நிறைந்து குளங்களாயின. அவற்றுள் ஒன்றைச் சீன நாட்டின் குய்லின் மலைக்காட்சிக்கு ஒப்பிட்டு, 'சின்னக் குய்லின்' என்று மக்கள் அழைக்கின்றனர். கைவிடப்பட்ட மற்றொரு கற்குவாரியைச் சூழ்ந்த நிலம் 1988ஆம் ஆண்டில் இயற்கைப் பூங்காவாயிற்று. வைகறையில் அங்கே நடப்போர் மரச்செறிவின் உள்ளிருந்து காட்டுச் சேவல் கூவக் கேட்கலாம். அடுக்குமாடி வீடுகள் நெருங்கி நிற்கும் நகரில் அந்தக் கூவல் வேறொரு காலத்திலிருந்து வருவது போல் ஒலிக்கும்.

பூங்காவிற்கு நெடுந்தொலைவில் இல்லாத தரைவீடு ஒன்றில், எண்பது வயதைக் கடந்த தமிழ் மூதாட்டி ஒருவர் தம் மகன் குடும்பத்தோடு வாழ்கிறார். அவர் கணவர் இளமையில் கற்குவாரியில் உழைத்தவர். குன்றின் அடிவாரத்துக் கம்பத்தில், அத்தாப்புக் கூரை வேய்ந்த வீட்டில், அவர்கள் இல்லறம் தொடங்கிற்று. வீட்டின் பின்புறத்தில் நாற்பது கோழிகள் இருந்தன. கணவரின் சம்பளம் அரிசிக்கும் வாடகைக்கும் சரியாகப் போயிற்று. மூத்த மகனின் பள்ளிப் புத்தகங்களை வாங்கியது முட்டைக் காசு. ஆகவே, அக்கோழிகள் அவர்களுக்கு வெறும் பறவைகள் அல்ல. காலையில் கதவைத் திறந்துவிட்டால் தாமே மேய்ந்து மாலையில் தாமே வீடு திரும்பும் சேமிப்பு அவை.

அச்சேமிப்பு ஒரு மழைக்காலத்தில் மூன்றே நாளில் கரைந்தது. 1960களில் நிகழ்ந்த அதனை மூதாட்டி இன்றும் நேற்று நடந்தது போல் சொல்வார். முதல் நாள் இரண்டு கோழிகள் இரை எடுக்காமல் சிறகைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றன. மறுநாள் பத்துக் கோழிகள் வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தன. சிலவற்றின் கழுத்து, துணியைப் பிழிவது போல் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது. மூன்றாம் நாள் மாலையில் எஞ்சியவை நான்கு. கணவர் ரம்புத்தான் மரத்தடியில் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவி, முப்பத்தாறு கோழிகளையும் புதைத்தார். அன்று இரவு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. "காற்றில் வந்த நோய்" என்று மட்டும் கணவர் சொன்னார். அதற்குமேல் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அந்நோய்க்குத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வெள்ளைக்கழிச்சல் என்று பெயர். நூல்களில் அதற்கு இரண்டு ஊர்களின் பெயர்கள் உண்டு. 1926ஆம் ஆண்டில் சாவகத் தீவிலும், இங்கிலாந்தின் நியூகாசில் நகரப் பகுதியிலும் அது கண்டறியப்பட்டது. அதனால் உலகம் அதனை நியூகாசில் நோய் என்றது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் இமயமலைச் சாரலின் இராணிக்கெட் என்னும் ஊரில் காணப்பட்டமையால், இந்தியக் கால்நடை மருத்துவர்கள் அதனை இராணிக்கெட் நோய் என்றனர். அது பெரும்பாலும் கோழியிலிருந்து கோழிக்கே பரவும். சந்தையிலிருந்து வரும் கூடையிலும், நோயுற்ற கோழியைத் தொட்ட கையிலும், எச்சத்தை மிதித்த காலணியிலும் அது பயணம் செய்யும். புறாக்களும் அதன் ஒரு வகையைச் சுமந்து திரிவதுண்டு. இன்று அதற்குத் தடுப்பூசி உண்டு. தமிழ்நாட்டில் புறக்கடைக் கோழிகளுக்கென்றே கழிச்சல் நோய்த் தடுப்பூசி முகாம்கள் நடைபெறுகின்றன. ரம்புத்தான் மரத்தடியில் குழி தோண்டியவருக்கு இவற்றுள் ஒன்றும் தெரிந்திருக்க வழியில்லை.

1980களில் கம்பம் கலைந்தது. குடும்பம் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டிற்கு மாறிற்று. அங்கே கோழி வளர்க்க இடமில்லை. சில கோழிகளை விற்றனர்; சிலவற்றைச் சமைத்தனர். ஒரு சேவலைக் கணவர் விற்கவும் இல்லை, வெட்டவும் இல்லை. ஒருநாள் அந்தி மயங்கும் வேளையில் அதனைக் குன்றின் புதர் ஓரத்தில் விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தார். குன்றிலிருந்து சேவல் கூவும்போதெல்லாம், அது அச்சேவலின் வழிவந்தது என்றே மூதாட்டி நம்புகிறார். அந்த நம்பிக்கையை மறுக்க வீட்டில் ஒருவருக்கும் மனம் வருவதில்லை.

கணவர் மறைந்த ஆண்டு முதல், மூதாட்டி நாள்தோறும் காக்கைக்குச் சோறு வைக்கலானார். உலை இறக்கியதும் முதல் பிடி காக்கைக்கு. அதன் பிறகே வீட்டாருக்கு. மகன் தரைவீடு வாங்கியபின், பின்கட்டு மதில் அப்பிடிச் சோற்றுக்கு உரிய இடமாயிற்று. மறைந்த முன்னோர் காக்கை வடிவில் வந்து உண்பர் என்பது தமிழர் நெஞ்சில் ஊறிய நம்பிக்கை. காக்கையை மதித்தலும் தமிழருக்குப் புதிதன்று. விருந்து வரக் கரைந்த காக்கைக்கு நெய்ச்சோறு படைத்தாலும் ஈடாகாது என்னும் கருத்தைப் பாடிய புலவருக்குக் காக்கைபாடினியார் என்பதே பெயராயிற்று. சங்கத் தொகையில் அப்பெயர் நிலைத்துவிட்டது.

சிங்கப்பூர்க் காக்கைக்கு வேறொரு வரலாறும் உண்டு. வீட்டுக் காக்கை இம்மண்ணின் பறவை அன்று. 1890களில், காப்பித் தோட்டங்களைத் தின்ற புழுக்களை ஒழிக்கும்பொருட்டு, இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளான் பகுதிக்கு அதனைக் கொண்டுவந்தனர். அங்கிருந்து அது தெற்கே பரவிற்று. தோட்ட வேலைக்கென்று தமிழரும் அதே காலத்தில் அதே கடலைக் கடந்தனர். பிழைப்புத் தேடி வந்த இருவரும் ஒரே மதிலில் சோற்றைப் பகிர்ந்துகொண்டது இயல்பே எனலாம்.

மூதாட்டியின் தனிமையைக் கண்ட பேத்தி, ஒரு நாள் நான்கு கோழிகளை வீட்டிற்குக் கொண்டுவரச் செய்தாள். சிங்கப்பூரில் தரைவீட்டார் விற்பனை நோக்கமின்றிப் பத்துக் கோழிகள் வரை வளர்க்கலாம். ஆனால் பிற பறவைகள் புகாதபடி வலையிட்ட இடத்தில் அவற்றை வைக்க வேண்டும். மகன் கூண்டு ஒன்றைச் செய்வித்தார். பக்கங்களில் வலை இருந்தது. மேற்புறத்தில் பாதி திறந்தே கிடந்தது. "வெயில் படாமல் கோழி எப்படி வாழும்?" என்று மூதாட்டி கேட்டதுதான் அதற்குக் காரணம். கம்பத்தில் வளர்ந்த கோழிக்குக் கூரை வானம்தானே!

அந்நான்கு கோழிகளால் மூதாட்டியின் நாள்கள் மாறின. விடியுமுன் எழுந்தார். அரிசி நொய்யைக் கையில் எடுத்துக்கொண்டு, நாற்பது ஆண்டுகளாக வாயில் வராத "பா… பா…" என்னும் அழைப்போடு பின்கட்டிற்குச் சென்றார். கூண்டிற்குள் நொய், மதில்மேல் சோறு. முதலில் காக்கைகள் வந்தன. அவை தின்று சிந்தியதைத் தேடி மைனாக்கள் வந்தன. பின்னர்ப் புறாக்கள் வந்தன. மதிலில் இடம் போதாத புறாக்கள் கூண்டின் மேற்சட்டத்தில் அமர்ந்தன. சில உள்ளே இறங்கி நொய்யையும் பொறுக்கின. பறவைகள் கூடக் கூட மூதாட்டியின் முகம் மலர்ந்தது. வீடு கம்பமாயிற்று என்று எண்ணினார்.

மூன்றாம் மாதத்தில் கோழி ஒன்று மெலியத் தொடங்கிற்று. இரை எடுத்தது, ஆயினும் உடல் தேறவில்லை. நெஞ்செலும்பு கத்தி முனை போல் துருத்திற்று. கொண்டை வெளுத்தது, கழிச்சலும் கண்டது. மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் அது கூண்டின் மூலையில் இறந்துகிடந்தது. மூதாட்டி வாய் திறவாமல் அதன் அருகே அமர்ந்துவிட்டார். அவர் கண்முன் நின்றது ஒரு கோழி அன்று, முப்பத்தாறு கோழிகள்.

பேத்தி தொடக்கக் கல்லூரி மாணவி. அவள் உள்ளத்தில் எழுந்தது வேறோர் அச்சம். அவள் தலைமுறை கேட்டு வளர்ந்த பெயர் வெள்ளைக்கழிச்சல் அன்று, பறவைக்காய்ச்சல். அன்று இரவெல்லாம் அவள் அதனைப் பற்றியே படித்தாள்.

பறவைக்காய்ச்சலின் வரலாறு அச்சம் தருவதே. 1996ஆம் ஆண்டில், சீனத்தின் குவாங்டோங் மாநிலத்தில் வளர்ப்பு வாத்தினங்களிடையே 'எச்5என்1' என்னும் வைரஸ் கண்டறியப்பட்டது. மறு ஆண்டில் அது ஹாங்காங்கில் மனிதரையே தொற்றிற்று. பதினெண்மர் நோயுற்றனர், அறுவர் மாண்டனர். அந்த ஆண்டின் இறுதியில் ஹாங்காங்கிலிருந்த கோழிகளையெல்லாம், பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டவற்றை, அரசு அழித்தது. நோய் அத்துடன் முடிந்தது என்று உலகம் எண்ணிற்று. ஆனால் 2003ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2004ஆம் ஆண்டிலும் தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா எனத் தென்கிழக்காசியா முழுவதும் அது எழுந்தது. 2004 ஆகஸ்டு மாதத்தில் மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் அது காணப்பட்டபோது, சிங்கப்பூர் மலேசியக் கோழி இறக்குமதியைத் தற்காலிகமாக நிறுத்திற்று. 2006 பிப்ரவரியில் இந்தியாவின் மகாராட்டிர மாநிலத்து நவாப்பூர்ப் பண்ணைகளில் அது நுழைந்தது. 2014ஆம் ஆண்டில் கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் வாத்துகள் மடிந்தன.

அக்கிருமி பரவும் வழி எளியது. நீர்ப்பறவைகளின் குடலில் இக்காய்ச்சலின் பல வகைகள் தீங்கு செய்யாமலே வாழ்கின்றன. எச்சத்தோடு அவை நீரில் கலக்கின்றன. குளிர்ந்த நீரில் பல நாள் அழியாமல் கிடக்கும்; வெயிலும் வெப்பமும் அவற்றை விரைவில் அழிக்கும். அந்நீரைக் கோழி பருகினாலும், அவ்வெச்சம் பட்ட இரையைக் கொத்தினாலும், அதனை மிதித்த காலணி கூண்டிற்குள் வந்தாலும் கிருமிக்கு வழி கிடைத்துவிடும். கோழிகள் ஆயிரக்கணக்கில் அடைபட்ட இடத்தில் அது ஒன்றிலிருந்து ஒன்றாகப் பாய்ந்து, உருமாறி, கொடிய வகையாகிவிடக்கூடும். கொண்டை நீலம் பாயும், தலை வீங்கும், ஓரிரு நாளில் பட்டியே சாய்ந்துவிடும்.

காலையில் பேத்தி பாட்டியிடம் வந்தாள். "பாட்டி, இனிமேல் காக்கைக்குச் சோறு வைக்க வேண்டாம்" என்றாள்.

மூதாட்டி நிமிர்ந்து பார்த்தார். "உன் தாத்தாவுக்கு வைக்கும் சோறு, கண்ணு."

"தெரியும் பாட்டி. ஆனால் அந்தச் சோற்றுக்கு வரும் பறவைகள்தாம் நோயைக் கொண்டு வருகின்றன. அதுமட்டும் அன்று. காட்டுப் பறவைகளுக்கு இரை வைப்பது சட்டப்படியே குற்றம். ஐயாயிரம் வெள்ளி வரை அபராதம் உண்டு."

அவள் சொன்னது உண்மையே. 2020 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த வனவிலங்குச் சட்டம் அதனைத் தடுக்கிறது. புறாக்களுக்கு இரையிடுவது அதற்கு முன்பிருந்தே தடை செய்யப்பட்டது. மூதாட்டிக்கு அது தெரியாது. தாம் இத்தனை காலம் செய்த நற்செயலுக்குக் குற்றம் என்று பெயர் என்பதைக் கேட்டு அவர் திகைத்தார், பின்னர் அழுதார். பேத்தியும் அழுதாள். பாட்டியின் தனிமையைப் போக்கக் கோழி கொண்டுவந்தவள், பாட்டியின் ஒரே வழிபாட்டைப் பறிப்பவளாகத் தானே ஆயினாள். கோழியை வைத்துக்கொள்வதா, காக்கைச் சோற்றை வைத்துக்கொள்வதா? அவ்வீட்டில் அன்று எழுந்த வினா இதுவே.

இறந்த கோழியை ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றனர். உறையில் கட்டி, கையுறை அணிந்து, பேத்தியே எடுத்துச் சென்றாள். மூதாட்டியும் உடன் போனார். மருத்துவர் ஒரு மலாய்ப் பெண்மணி. கம்பத்து வாழ்க்கையில் மூதாட்டி கற்றிருந்த மலாய் அங்கே கைகொடுத்தது. ஆய்வு முடிந்தபின் மருத்துவர் அவர் அருகில் அமர்ந்து, "நெனெக், இது பறவைக்காய்ச்சல் அன்று, நீங்கள் அஞ்சும் கழிச்சல் நோயும் அன்று" என்றார். கோழியின் சிறுகுடலில் மயிரிழை போன்ற புழுக்கள் நிறைந்திருந்தன. அவை கோழியை உள்ளிருந்தே வற்றச் செய்தன. அப்புழுக்கள் புறாக்களின் குடலிலும் வாழ்வன. புறாவின் எச்சத்தில் முட்டைகள் விழும். ஈரமண்ணில் அவை முதிரும். நொய்யோடு நொய்யாகக் கோழி அவற்றைக் கொத்திவிடும். "கூண்டில் புறா வருகிறதா?" என்று மருத்துவர் கேட்டார். மூதாட்டி தலைகுனிந்தார்.

காக்கை குற்றமற்றது என்று அன்று தெளிவாயிற்று. காக்கைக்கு வைத்த சோற்றின் மிச்சமே புறாவை அழைத்தது. திறந்து கிடந்த கூரையே அதற்கு வழிவிட்டது. பெருங்கொடுமையை எண்ணி அஞ்சிய வீட்டில், எளிய புழு ஒன்று எவருக்கும் தெரியாமல் தன் வேலையைச் செய்திருந்தது. புறக்கடைக் கோழிகளின் வாழ்வில் பெரும்பாலும் நிகழ்வது இதுவே. செய்தித்தாளில் இடம்பெறும் நோய் ஊரை அச்சுறுத்தும். இடம்பெறாத நோய்களே வீட்டை நாள்தோறும் தீண்டும். குருவி இறகில் வரும் பேனும் செள்ளும், எச்சத்தில் வரும் வயிற்றுநோய்க் கிருமிகளும், கொசு கொண்டுவரும் கோழி அம்மையும் அவ்வகையின. எனினும், சிறியதற்கும் பெரியதற்கும் வாயில் ஒன்றே. புறா நுழையும் வழியே பறவைக்காய்ச்சலும் நுழையும். இம்முறை வந்தது புழு என்பது அவ்வீட்டாரின் நற்பேறு.

அப்படியானால் காட்டுப் பறவை பகையா? பேத்தி மேலும் படித்தபோது அவள் எண்ணம் மாறிற்று. எச்5என்1 முதலில் கண்டறியப்பட்டது காட்டுப் பறவையிடம் அன்று. மனிதன் வளர்த்த வாத்தினங்களிடம். 2005ஆம் ஆண்டில் சீனத்தின் சிங்ஹாய் ஏரியில் காட்டு நீர்ப்பறவைகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. அவற்றுள் மிகுதியானவை வரித்தலை வாத்துகள். பிறகு காட்டுப் பறவைகள் அந்நோயைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டு சென்றன என்பது மெய்யே. ஆயினும், முதலில் நோயை வாங்கியவையும் அவையே. 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலும் இமாசலப் பிரதேசத்தின் போங் அணை ஏரியில் அதே வரித்தலை வாத்துகள் மீண்டும் ஆயிரக்கணக்கில் இறந்தன. அந்த ஜனவரியில் இராசஸ்தானத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் காக்கைகள் மரத்திலிருந்து செத்து விழுந்தன. ஊருக்கு ஆபத்து வருகிறது என்பதைத் தம் உயிரைக் கொடுத்து அவை அறிவித்தன.

இவ்வரித்தலை வாத்து தமிழருக்கு அயலதன்று. இமயத்தைக் கடந்து வந்து, திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் குளிர்காலத்தைக் கழிக்கும் பறவை அது. அவ்வூரார் பறவைகளைத் தம் ஊருக்கு வந்த விருந்தாகவே போற்றுகின்றனர். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிச் சரணாலயத்தை அடுத்துள்ள கொள்ளுகுடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே விட்டுவிட்டனர். அவர்கள் பறவைக்குக் கையால் ஊட்டவில்லை. மரத்தையும் குளத்தையும் அமைதியையும் கொடுத்தார்கள். அன்பில் அதுவும் ஒரு வகை. விருந்தினருக்கு வேண்டியதை அளித்துவிட்டு எட்டி நிற்கும் அன்பு அது.

சிங்கப்பூரும் இந்த எல்லையைத் தேடித் தடுமாறியதுண்டு. 2017 ஜனவரியில், சின் மிங் வட்டாரத்தில் திரிந்த இருபத்து நான்கு கோழிகளை, அன்றைய வேளாண் உணவு, கால்நடை மருத்துவ ஆணையம் அழித்தது. கூவல் தொல்லை தருகிறது என்று குடியிருப்பாளர் சிலர் முறையிட்டிருந்தனர். பறவைக்காய்ச்சல் அச்சமும் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. மக்களிடையே பெரும் வருத்தம் எழுந்தது. நாடாளுமன்றத்திலும் அது பேசப்பட்டது. ஒருவர் காதுக்குத் தொல்லையான அதே கூவல் மற்றொருவருக்கு இழந்த கம்பத்தின் குரலாக இருந்தது. இன்று அப்பொறுப்பு தேசியப் பூங்காக் கழகத்திடம் உள்ளது. வலசைப் பறவைகள் வந்து தங்கும் சுங்கை பூலோ போன்ற இடங்களில் பறவைகளைச் சோதித்துக் கண்காணிக்கும் பணியும் நடைபெறுகிறது. கொல்வதைவிடக் கண்காணிப்பது கடினம். ஆனால் அதுவே மேல்.

பேத்தி படித்தவற்றுள் ஒரு செய்தி மூதாட்டியை வியப்பில் ஆழ்த்திற்று. 2022ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, கோழி வீட்டுப் பறவையானது எப்படி என்பதை விளக்க முயன்றது. தாய்லாந்தின் நடுப்பகுதியில், ஏறத்தாழ மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன், மனிதர் நெல் விளைத்தனர். சிந்திய நெல்லைப் பொறுக்கக் காட்டுக்கோழி மரத்திலிருந்து இறங்கிற்று. வந்தது தங்கிற்று, தங்கியது வீட்டுக்கோழியாயிற்று. அதனைக் கேட்ட மூதாட்டி நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "அப்படியானால் கோழியும் சோற்றுக்கு வந்த காக்கைதான்" என்றார்.

உண்மை அதுவே. தானியம் இருக்குமிடத்திற்குப் பறவை வரும். அது பறவையின் குற்றமன்று. எங்கே தானியத்தைச் சிந்துவது, எங்கே மூடுவது என்று அறிய வேண்டியவன் மனிதனே.

அடுத்த வாரத்தில் கூண்டு மாறிற்று. ஒளி புகும் தகட்டால் மேற்புறம் முழுவதும் மூடப்பட்டது. மேலே அமரும் பறவையின் எச்சம் இனி உள்ளே விழாது. வெயிலுக்கும் குறைவில்லை. குருவியும் நுழையாத கண்ணுடைய கம்பிவலை பக்கமெங்கும் கட்டப்பட்டது. பழைய மண்ணை அள்ளிவிட்டுப் புதுமணல் பரப்பினர். இரையும் நீரும் கூண்டிற்குள்ளேயே வைக்கப்பட்டன. சிந்தியதை மாலையில் கூட்டினர். கூண்டிற்குள் செல்ல ஒரு தனிச் செருப்பு வாயிலில் காத்திருந்தது. எஞ்சிய மூன்று கோழிகளுக்கும் மருத்துவர் புழு மருந்து கொடுத்தார். புதிய கோழி வந்தால் ஒரு மாதம் தனியே வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும் என்றும், கோழியைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும் என்றும், கோழிகள் ஒருசேர நோயுற்றால் தாமே மருந்து தேடாமல் உடனே அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். இவற்றுள் அரிய கருவி எதுவும் இல்லை, பெருஞ்செலவும் இல்லை. கம்பத்தில் ஒருவர் இவற்றை அன்றே சொல்லியிருந்தால், முப்பத்தாறில் சிலவேனும் பிழைத்திருக்கக்கூடும் என்று மூதாட்டி கூறினார். அதில் குறை இல்லை. துயரம் மட்டுமே இருந்தது.

எஞ்சியது காக்கைச் சோறு. அதனைப் பற்றி மகனோ பேத்தியோ மீண்டும் பேசவில்லை. பேசத் துணியவில்லை என்பதே சரி. முதல் இரண்டு நாள் மூதாட்டி சோற்றைக் கையில் ஏந்திக்கொண்டு மதில் வரை சென்று திரும்பினார். காக்கைகள் மதிலில் காத்திருந்து கரைந்தன. அக்குரலைக் கேட்காமலிருக்க அவர் பின்கதவைச் சாத்தினார்.

மூன்றாம் நாள், உலை இறக்கியதும், முதல் பிடிச் சோற்றை இலைத்துண்டில் எடுத்தார். கணவரின் படத்தின் முன் வைத்து விளக்கேற்றி வணங்கினார். பின்னர் அவ்விலையோடு பின்கட்டிற்கு நடந்தார். பேத்தி சன்னலருகே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். மூதாட்டி மதிலைக் கடந்து சென்றார். தனிச்செருப்பை மாட்டிக்கொண்டு, கூண்டின் கதவைத் திறந்து உள்ளே புகுந்து, கதவைச் சாத்திவிட்டு, சோற்றைக் கோழிகளுக்கு வைத்தார்.

பேத்தி அருகில் வந்ததும், வலைக்கு அப்பாலிருந்து மூதாட்டி சொன்னார்: "அவர் காக்கையாகத்தான் வரவேண்டும் என்று யார் சொன்னது? அவர் கோழி வளர்த்தவர், கண்ணு."

காக்கைகள் சில நாள் வந்து பார்த்தன. பிறகு வேறு இடம் தேடிக்கொண்டன. புறாக்களும் வருவதை நிறுத்தின. ஆனால் வைகறைதோறும் புக்கிட் பாத்தோக் குன்றின் மரச்செறிவிலிருந்து காட்டுச் சேவல் கூவுவது மட்டும் நிற்கவில்லை. வலைக்குள் இருக்கும் மூன்று கோழிகளும் தலை தூக்கி அதனைக் கேட்கும். நொய்க்கிண்ணத்தோடு நிற்கும் மூதாட்டியும் கேட்பார்.